அந்தியேட்டி செய்யப்படவில்லை

சாப்பிட்டிருக்கக் கூடாது. பாணும் பருப்பும், ஓரத்தில் கொஞ்சம் கட்டைச் சம்பலும். முகாம் சமையல்காரன் தட்டை நீட்டியதும் ரஞ்சிதமலர் வாங்கினாள், ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். ஒரு தாயிடம் போய் உன் மகன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்கப் போகிறவளுக்குக் காலையில் பசி எடுத்திருக்கிறது. அந்தப் பசியின் மேல்தான் முதல் கோபம் வந்தது. வாகனம் முகாம் வாசலின் தடியைத் தாண்டிச் செம்மண் ரோட்டில் இறங்கியதும் மற்றக் கோபங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் வந்து நிற்பதுபோல. முன் இருக்கையில் சாரதிக்குப் பக்கத்தில் மேஜர் அபேகோன். பின்னால் இடது ஜன்னலோரம் அகலமான தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேராசிரியை ஹேவகே, எல்லாருக்கும் மெடம். வலது ஜன்னலோரம் கோப்ரல் ஜயலத், அவனுடைய துப்பாக்கி. நடுவில் அவள். குழி வருகிற இடமெல்லாம் துப்பாக்கியின் கட்டை அவளுடைய முழங்காலில் தட்டியது. ஜயலத் ஒவ்வொரு தடவையும் "சொறி மிஸ்" என்றான். அவன் சொறி சொல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். முன்னால் ஒரு ட்ரக் போனது, பன்னிரண்டு பேரோடு. அது கிளப்பிய புழுதி எல்லாம் இந்த வாகனத்தின் கண்ணாடியில் வந்து படிந்தது. மருதடிக்குளம் இங்கிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர், மூன்று காவலரண், ஒரு மணித்தியாலம். இராணுவம் பிடித்த ஊர்களில் மெடம் நடத்துகிற ஆய்வுக்கு வீடு வீடாகக் கேட்டு எழுத ஏழு மாதமாக இந்த ரோட்டில் போய் வருகிறாள். ஏழு மாதமும் இந்த ஒரு மணித்தியாலத்தில் பேனை எழுதுகிறதா, படிவங்கள் வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போவாள். இன்றைக்குப் பையில் படிவம் எதுவும் இல்லை. இன்றைக்கு எழுத வேண்டாம், பேசினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

பேசினால் போதும். மேஜர் அதை எவ்வளவு இலேசாகச் சொன்னார், சிங்களத்தில், தங்கச்சி என்று கூப்பிட்டு. "நீ உள்ளே போ நங்கி, நாங்கள் வேலிக்கு வெளியே நிற்கிறோம். சொந்த அம்மாவோடு பேசுவது மாதிரிப் பேசு. மகன் எங்கே என்று மட்டும் கேள். அவன் வந்து சரணடைந்தால் புனர்வாழ்வு, ஒரு வருஷத்தில் வீடு." சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அந்த அம்மா முகாமுக்கு வந்து சொல்லுவாள் என்றார், அதையும் அதே குரலில். முகாமுக்கு வந்து. அவள் தானாக பஸ் ஏறி வருவாள் என்பதுபோல. கனகாம்பிகைக்கு ஐம்பத்து மூன்று வயது, இடது காது பிறந்ததிலிருந்து கேட்காது, முழங்காலில் வாதம். அதெல்லாம் படிவத்தில் இருக்கிறது, ஏனென்றால் ரஞ்சிதமலர் எழுதியிருக்கிறாள். முதல் நாள் அந்தப் படலையைத் திறந்துகொண்டு போனபோது ஒப்புதல் கடிதத்தைத்தான் வாசித்தாள். அப்படித்தான் தொடங்க வேண்டும். இத்தகவல்கள் ஆய்வு நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தப்படும். வலது காதுப் பக்கம் குனிந்து, நிறுத்தி நிறுத்தி. கனகாம்பிகை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆய்வெண்டா என்ன பிள்ளை?" என்றாள். "உங்கட வாழ்க்கையைப் பத்தித் தெரிஞ்சுக்கிறதும்மா." "தெரிஞ்சு?" என்றாள் கனகாம்பிகை. வேறொன்றும் கேட்கவில்லை, அந்த ஒரு சொல்தான். ரஞ்சிதமலர் சிரித்து, "உங்களுக்கு நல்லது செய்யத்தான்" என்றாள். கனகாம்பிகை அவளைப் பார்த்துவிட்டு, "கதை வேற மாதிரிக் கிடக்கு, மலைநாடோ நீ?" என்று கேட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள். நான்கு வருடப் படிப்பில் எந்த விரிவுரையிலும் எவரும் கேட்காத கேள்வி. தெரிஞ்சு? தெரிந்து என்ன செய்வாய்? அவளுக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதிலைத் தேடிப் பார்க்கவேயில்லை.

அவளைக் கெடுத்தது கவனம். அசட்டையாக இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறவுப் படம் வரைய வேண்டும்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் குறுக்காக ஒரு கோடு. கனகாம்பிகை வீட்டில் மூன்று முக்கோணத்தில் மூன்றுக்கும் கோடு. கணவன் பாம்பு கடித்து. கணவனின் தமையன் காய்ச்சலில். மகன் நிமலரூபன், இருபத்திரண்டு வயது, போன சித்திரையில் ஷெல் விழுந்து. "உடம்பும் கிடைக்கேல்ல பிள்ளை" என்றாள் கனகாம்பிகை, அழவில்லை. கோட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மெடம் சொல்லிக்கொடுத்தது அதுவல்லவே. மனிதர் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, இரண்டையும் எழுது, வித்தியாசத்தில்தான் சமூகம் இருக்கிறது. முதல் வருடத்திலேயே அதைக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதி வைத்தவள் அவள். அதனால் இந்த ஊரில் செத்தவருக்கு என்ன செய்வார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஐயர் வருவார், குளக்கரையில் கிரியை, பிறகு வீட்டில் ஊருக்குச் சாப்பாடு. நிமலரூபனுக்குச் செய்தார்களா? பக்கத்து வீட்டுக்காரி யோசித்தாள். "இல்லைப் பிள்ளை, அந்தப் பெடியனுக்குச் சாப்பிட்ட ஞாபகமில்லை." இடம்பெயர்ந்து திரிந்ததால் இருக்கலாம் என்று அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. அவனுக்குப் பிறகு இரண்டு மாதம் கழித்துத்தான் பெரியப்பன் செத்தார், இதே இடம்பெயர்வில், தறப்பாள் கொட்டிலில். அவருக்குச் செய்திருக்கிறார்கள், கடன் வாங்கிய அரிசியில் எண்ணிப் பதினைந்து பேருக்கு. அன்றைக்கு மாலை அறைக்கு வந்து, கை கால் கழுவி, விளக்கைச் சரியாக வைத்துக்கொண்டு, கடைசியாக உள்ள குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினாள். மகன் இறந்ததாகத் தாய் கூறுகிறார். அந்தியேட்டி செய்யப்படவில்லை. இடம்பெயர்வு இதற்குக் காரணமாகத் தெரியவில்லை; அதற்குப் பின் இறந்த கணவரின் தமையனுக்குப் பதினைந்து பேருக்கு உணவளித்துச் செய்யப்பட்டுள்ளது. மூன்று வசனம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கனகாம்பிகை தப்பிப் போவதற்கு ஒரு வழி இருந்தது, அந்த வழியையும் தேடிப் பிடித்து அடைத்துவிட்டு, மை காயும் வரை ஊதினாள். மெடம் வாசித்துவிட்டு, "ரஞ்சி, இது அல்லவா அவதானிப்பு" என்றபோது காது சூடாகும் அளவுக்குச் சந்தோஷம்.

காது சூடானது. அது போகட்டும், அது மெடம். நேற்று? நேற்றுக் காலை முகாம் மண்டபத்தில் அவளை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் போய் உட்கார்ந்தாள். முன்வரிசையில் வேறு வேறு தோள்பட்டிகள். திரையில் ஒரு படம் விழுந்தது. முக்கோணம், வட்டம், கோடு. தன் கையெழுத்தைத் திரையில் அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. "இந்த வேலையைச் செய்த பெண் இதோ இருக்கிறாள்" என்றார் மேஜர். "எங்கள் ஆட்கள் நாலு மாதம் அலைந்தும் கிடைக்காததை மூன்று வசனத்தில் எழுதியிருக்கிறாள்." ஆறேழு பேர் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் சிரித்தாள். எழுந்து நின்று, "தேங்க்யூ சேர்" என்றும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தாள். மூன்றாவது முக்கோணத்தின் மேலிருந்த கோட்டை எவனோ அழித்திருந்தான். அந்த முக்கோணத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மேஜர் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "எங்களிடமும் உண்டுதானே. ஏழாம் நாள் பிக்கு வந்து பண ஓதுவது, மூன்று மாதத் தானம். எந்த அம்மாவாவது பிள்ளை செத்து ஒரு தானம் கொடுக்காமல் இருப்பாளா? சிங்கள அம்மா என்ன, தமிழ் அம்மா என்ன. கொடுக்கவில்லை என்றால் கொடுக்க ஆள் சாகவில்லை." எவ்வளவு அழகாக விளங்கியிருக்கிறது அவருக்கு. அவள் எழுதியதை இந்த உலகத்திலேயே மிகச் சரியாக வாசித்தவர் அவர்தான். எழுந்து நின்றவள் எப்படி உட்கார்ந்தாள் என்று ஞாபகமில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் ஞாபகமிருக்கிறது. சரியாக எவ்வளவு நேரம் சிரித்தாள்? இரண்டு விநாடியா, மூன்றா? விளங்குவதற்கு முன்னால் வந்த சிரிப்புத்தானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தப் பார்த்தாள், இரவு முழுவதும். விளங்குவதற்கு முன்னால் எதற்காகச் சிரித்தாய், நாயே.

முதலாவது காவலரண். பனங்குற்றியும் மண்மூட்டையும். ட்ரக் நிற்காமல் போனது, இவர்களும் நிற்காமல் போனார்கள். ஓரத்தில் சைக்கிளோடு நின்ற ஒரு கிழவர் மட்டும் சாரத்தை அவிழ்த்து உதறிக் காட்டிக்கொண்டிருந்தார். மெடம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையில் வெயிலுக்குப் பூசுகிற வெள்ளைக் களிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்று மாலை மெடத்தின் அறைக்குப் போயிருந்தாள். கதவைத் தட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். "மெடம், ஆய்வுக்கு மட்டும் என்று நாங்கள் வாசித்துத்தானே கையெழுத்து வாங்கினோம்." மெடம் உட்காரச் சொன்னார், தேத்தண்ணி ஊற்றினார். "ரஞ்சி, நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். நீயும் நானும் இங்கே இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முழு ஊரையும் விடியற்காலையில் சுற்றிவளைத்து, ஆம்பிளைகள் எல்லாரையும் மைதானத்தில் முழங்காலில் வைப்பார்கள். இப்போது ஒரே ஒரு வீடு. ஒரே ஒரு அம்மா. அதுவும் நீ போய்ப் பேசுகிறாய். இதைத்தான் நாங்கள் செய்கிறோம்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. மெடம் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் கத்தியிருக்கலாம். அதில் பாதி உண்மை. மருதடிக்குளத்துக்கு முன்னால் பிடித்த ஊரில் அப்படித்தான் நடந்தது, அவளுக்கும் தெரியும். அந்தப் பாதி உண்மையைத் தொண்டையில் மீன்முள் மாதிரி வைத்துக்கொண்டு எதை விழுங்குவது? ஆனால் மெடம், ஒரு கேள்வி. நேற்றுக் கேட்காத கேள்வி. முழங்காலில் வைத்தால் ஊர் எல்லாம் ஒன்றாக இருந்திருக்குமே. அவர்களுக்கு எதிரி யார் என்று தெரிந்திருக்குமே. இப்போது அந்த அம்மா யாரைத் திட்டுவாள், தேத்தண்ணி வைத்துக் கொடுத்த தன் கையையா? கேட்டிருக்கலாம். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். எல்லா இடத்திலும் எதையாவது கழுவி வைத்துவிட்டுத்தான் வருகிறாள்.

தூரத்தில் கும் என்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. முன்னரங்கு வடக்கே போய்விட்டது, ஆனால் சத்தம் எல்லாருக்கும் பொதுவாக வந்தது. ஜயலத் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து நீட்டினான். "சாப்பிடுங்க மிஸ், வாந்தி வராது." உடைந்த தமிழ். அவள் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். "எனக்கு வாந்தி வராது" என்றாள். "எனக்கு வரும்" என்றான் அவன், வெட்கப்பட்டுக்கொண்டு. "சின்ன வயசுல இருந்து. ஆமில சேர்றப்ப சொல்லல." அவன் டொபியைத் தானே பிரித்து வாயில் போட்டான். இவன் ஒரு சின்னப் பொய்யோடு இராணுவத்துக்குள் வந்திருக்கிறான். தோட்டத்து லயத்தில் அம்மாவும் அப்படித்தான். கையில் கடுதாசியோடு வந்த எவனுக்கும் அம்மா உண்மை சொன்னதில்லை. சுகாதார ஐயா வந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். குடிசனக் கணக்குக்காரன் வந்தால் இந்த ஓர் அறைக் காம்பராவில் ஐந்து பேர்தான், சித்தப்பா வேறு தோட்டத்தில். சித்தப்பா பின்கதவால் வாழைமரத்துப் பக்கம் போய் நிற்பார். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை அது. எழுதுகிற ஆளைக் கண்டால் வாய் தானாக அந்தப் பக்கம் திரும்பும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், கனகாம்பிகை ஒரு பொய் சொல்லுகிறாள் என்று கண்டுபிடித்ததும் என்ன செய்தாள்? பொய் என்று தெரிந்தால் வாயை மூட வேண்டும் என்பது ஒரு லயத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? அதை மறப்பதற்குத்தானா பட்டம்? அப்பா அந்தப் பட்டமளிப்புப் படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், "எங்க புள்ள ஆர்மிக்காரங்களுக்கே சொல்லிக்குடுக்குது" என்கிறாராம். தங்கச்சி டெலிபோனில் சொல்லிச் சிரித்தாள். வேலையை விட்டுவிட்டுப் போனால் அவர் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்லமாட்டார், படத்தைக் கழற்றவும் மாட்டார். அது இன்னும் மோசம். பயம் கோபத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, வேலை, வேலை, வேலை என்றது. பயத்தின் மேலும் கோபம் வந்தது.

இரண்டாவது காவலரணுக்கு அப்பால் ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். மண்டையோட்டுப் படம், மிதிவெடி. தலை போன பனைகள். ஒரு பள்ளிக்கூடத்தின் சுவர் மட்டும், அதில் இரண்டாம் வாய்பாடு. நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்து காலில் சிக்கியது, இரவு முழுவதும் வராத எண்ணம். அவன் உயிரோடு இருக்கிறான் என்று யார் சொன்னது? அவள் சொல்லவில்லை. கனகாம்பிகையும் சொல்லவில்லை. அந்தியேட்டி செய்யப்படவில்லை, அவ்வளவுதான். அவன் உயிரோடு எங்கேயோ ஒரு காட்டில், கொட்டிலில், யாருடைய வீட்டுப் பரணிலோ இருக்கலாம். அதனால் செய்யாமல் இருக்கலாம். அல்லது அவன் செத்தே போயிருக்கலாம். உடம்பு கிடைக்கவில்லை என்றாளே. காய்ச்சலில் செத்த பெரியப்பனைப் பார்த்தார்கள், தூக்கினார்கள், எரித்தார்கள், செய்தார்கள். ஒரு துண்டு எலும்பைக்கூடக் காணாத ஒரு தாய், எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பிள்ளையைத் தன் கையால் அனுப்ப வேண்டும் என்றால் அவளால் முடியுமா? முடியாமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருக்கமாட்டாளா? இது ஏன் அந்தக் கட்டத்தை எழுதும்போது தோன்றவில்லை? இடம்பெயர்வு காரணமாகத் தெரியவில்லை. வேறு காரணம் இருக்கலாம் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி. கட்டத்தில் இடம் இருந்தது. அவன் இருந்தால் அவனைக் கொண்டுபோவார்கள். இல்லாவிட்டால் இல்லாத ஒருவனைக் கேட்டு அவளைக் கொண்டுபோவார்கள். அவளால் சொல்ல முடியாது, ஏனென்றால் சொல்ல எதுவும் இருக்காது. சொல்ல எதுவும் இல்லாதவர்களை எவ்வளவு நேரம் வைத்துக் கேட்பார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் அந்த மூன்று வசனம் அங்கே போய்த்தான் நிற்கிறது. எப்படிப் பார்த்தாலும் அதில் ஒரு பிழை இல்லை. எல்லாம் உண்மை. இவ்வளவு உண்மையை வைத்துக்கொண்டு ஒருத்தியைக் கொல்லலாம் என்று எந்த விரிவுரையில் சொன்னார்கள், மெடம்?

"ரஞ்சி, தண்ணீர் குடி" என்றார் மெடம். குடித்தாள். மூன்றாவது காவலரண் வந்து போனது. குளக்கட்டு, வாய்க்கால், முதல் வீடு, இரண்டாவது வீடு. ட்ரக் நின்றது. பன்னிரண்டு பேரும் குதித்து வேலி நீளத்துக்குப் பரவி நின்றார்கள். வெளியே நிற்கிறோம் என்று சொன்ன மேஜர் படலையைத் தானே திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்தார், பின்னால் மெடம், ஜயலத். கனகாம்பிகை முற்றத்தில் பலகைக் கட்டையில் உட்கார்ந்து நிவாரண அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகை இறக்கி வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கோ ஐயா" என்றாள் மேஜரைப் பார்த்து. ரஞ்சிதமலரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது தற்செயல் இல்லை. "கேள் நங்கி" என்றார் மேஜர். வலது காதுப் பக்கம் போய் நின்றாள். வாய் திறந்தது. அவள் மேஜரின் பக்கம் திரும்பினாள். "சேர், இந்த வீட்டில் நான் அதைக் கேட்கவே இல்லை" என்றாள் சிங்களத்தில். "எதை?" "அந்தியேட்டி பற்றி எழுதியதை. அது நானாக எழுதியது." கள வேலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாத பாவம் என்று ஒன்று உண்டு: வீட்டுக்குப் போகாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புவது. அதற்காகப் படிப்பை விட்டே துரத்தப்பட்டவர்களை அவளுக்குத் தெரியும். விடுபட்ட ஒரு வயதைக் கேட்பதற்காக இரண்டு மைல் திரும்பி நடந்த அவள் இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள், நிறுத்தாமல். அன்றைக்கு நல்ல வெயில் சேர். தலையிடி. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். இந்த வீடு, பக்கத்து வீடு, வாய்க்கால் கரையில் ஏழு வீடு. "பெரியப்பனுக்குச் செய்தார்கள் என்று இருக்கிறதே, பதினைந்து பேர் என்று?" "அது போன மாதம் வேறோர் ஊரில் கேட்ட கதை. நன்றாக இருந்தது, இங்கே போட்டேன்." பொய்கள் வரிசையாக, வீட்டிலக்கத்தோடு, ஒன்றுக்கொன்று முரண்படாமல் வந்தன. பொய்யிலும் இவ்வளவு கவனமா என்று உள்ளே ஒருத்தி கேட்டாள்.

மேஜர் மெடத்தைப் பார்த்தார். மெடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு சொல் போதும் அவருக்கு. இவள் பொய் சொல்கிறாள், என் மாணவர்களில் இவளைப் போலக் கவனமானவள் இல்லை. அது உண்மையும்கூட. மெடம் ரஞ்சிதமலரின் முகத்தை ஒரு படிவத்தைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "பயிற்சி போதாத பிள்ளைகள், மேஜர். நான் சரிபார்த்திருக்க வேண்டும்" என்றார். இரக்கப்பட்டுச் சொன்னாரா, தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கினாரா தெரியவில்லை. நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியாததும் கோபமாகத்தான் வந்தது. மேஜர் ஜயலத்துக்குத் தலையை அசைத்தார். ஜயலத் கனகாம்பிகைக்கு முன்னால் வந்து உரக்கக் கேட்டான். "அம்மா, மகனுக்கு முப்பத்தொண்டு செஞ்சதா?" அப்போதுதான் கனகாம்பிகை ரஞ்சிதமலரைப் பார்த்தாள். சிங்களத்தில் அவளுக்கு என்ன விளங்கியதோ. இமைக்கவில்லை. "செய்தது ஐயா. செய்யாமல்? பதினைஞ்சு பேருக்குச் சமைச்சது." ஒரு தடங்கல் இல்லை அந்தக் குரலில். மேஜர் சுளகில் இருந்த அரிசியைப் பார்த்தார். நேற்று அத்தனை பேருக்கு முன்னால் அவர் திரையில் போட்டுக் காட்டிய தாளைத்தான் இவள் பொய் என்கிறாள். "நீ இன்றைக்கே வீட்டுக்குப் போகிறாய்" என்றார் ரஞ்சிதமலரிடம், சத்தம் போடாமல். "எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போ. எல்லாம் நீயாக இட்டுக்கட்டியது என்று." "சரி சேர்." "அதற்கு முன்னால் ஒரு வேலை. இவளுக்குச் சொல். சித்திரையில் ஒரு வருஷம் முடிகிறதுதானே, ஆண்டுத் தானம் வரும். அதற்கு நாங்களும் வருவோம். அரிசி நாங்கள் கொண்டுவருகிறோம். ஐயர் வர வேண்டும், ஊர் வர வேண்டும், படத்துக்கு மாலை போட வேண்டும். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறோம்." சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு படலையைப் பார்த்து நடந்தார். மெடம் போனார், ஜயலத் போனான்.

முற்றத்தில் இரண்டு பேர்தான். ரஞ்சிதமலர் வலது காதுப் பக்கம் குனிந்து சொன்னாள், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல். அரிசி. ஐயர். ஊர். மாலை. அவர்களும் வருவார்களாம். கனகாம்பிகை கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவும் கட்டையில் உட்கார்ந்து சுளகை மடியில் எடுத்தாள். கல் பொறுக்கவில்லை. விரல்கள் அரிசிக்குள் அப்படியே கிடந்தன. "எந்தத் திதி பிள்ளை?" என்றாள். "அது... உங்களுக்குத்தானேம்மா தெரியும்." "எனக்கெங்க தெரியும். நீதானே எல்லாம் வடிவா எழுதுறனீ." குரலில் ஒரு ஏற்றம் இல்லை, சந்தையில் விலை கேட்பதுபோல இருந்தது. "நீயே சொல்லு. என்ர பிள்ளை எண்டைக்குச் செத்தவன்?" வெளியே வாகனம் ஹோர்ன் அடித்தது. வேலிக்கு மேலால் ஜயலத்தின் தொப்பி தெரிந்தது. ஒரு திதியைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னால் அது பொருந்தவும் வேண்டும். ஷெல் விழுந்ததாகச் சொன்ன கிழமை, அந்த மாதத்துப் பௌர்ணமி, அதிலிருந்து எண்ணி. அவள் வேண்டாம் வேண்டாம் என்றிருக்க மண்டை தானாக எண்ணி முடித்துவிட்டது. "தேய்பிறைத் தசமி" என்றாள். "தேய்பிறைத் தசமி" என்றாள் கனகாம்பிகை. பிறகு இன்னொரு தடவை உதட்டுக்குள் சொன்னாள், காவலரணில் தடுத்து நிறுத்திக் கேட்கும்போது பிழை விடாமல் சொல்ல வேண்டிய ஒன்றைப் பாடமாக்குவதுபோல. பிறகு சுளகோடு எழுந்து உள்ளே போய், கதவுத் தட்டியை இழுத்துச் சாத்தினாள்.